ஐந்து வீட்டிலும் இல்லையென்றார்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் இருக்கிறேன், வயது 34. போன வருடம் துவக்கு லைசென்சும் வேட்டைப் பயிற்சியும் முடித்து, ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ என்ற வேட்டை அட்டையும் எடுத்துவிட்டேன். ஒக்டோபர் கடைசியில் நானும் மூன்று நண்பர்களும் லின்ட்சே பக்கம் போய் ஐந்து பண்ணை வீடுகளில் மான் வேட்டைக்கு அனுமதி கேட்டோம். ஐந்திலும் இல்லை. ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை, யன்னலுக்குள் நின்று போ என்று கையைக் காட்டினார். எங்கள் நிறம்தான் காரணமோ என்று மனதுக்குள் ஓடுகிறது. ஒரு நண்பர், ‘உள்ளே வராதே என்று போர்டு போடாத காணிக்குள் போகலாம், சட்டத்தில் இடமிருக்கிறது’ என்கிறார். இன்னொருவர், ‘200 டொலரை என்வலப்பில் வைத்து நீட்டு, கதவு திறக்கும்’ என்கிறார். எது சரி? வன்னியில் வேட்டையாடிப் பழகிய மாமா ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவரையும் கூட்டிப் போகலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் போர்டுக் கதையை முடித்துவிடுவோம். மற்றவற்றில் பிழைவிட்டால் மான் கிடைக்காது, அவ்வளவுதான். இதில் பிழைவிட்டால் வழக்கு.

ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டத்தில் போர்டு கட்டாயமே இல்லை. பயிர் செய்கிற வயல், தோட்டம், பழமரத் தோப்பு, மாடு வெளியே போகாமல் வேலி அடைத்த நிலம், இவற்றுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே குற்றம். பண்ணைக்குப் பின்னால் இருக்கிற காட்டுத்துண்டும் இதில் அடங்கும். உங்கள் நண்பர் அதைத்தான் ‘சும்மா கிடக்கிற காடு’ என்று நினைத்திருப்பார், மானும் அதற்குள்தான் நிற்கும். அந்த வரி சட்டத்தில் எழுத்திலேயே இருக்கிறது. தண்டம் 10,000 டொலர் வரை போகும். கையில் துவக்கோடு பிடிபட்டால் வேட்டைச் சட்டத்திலும் தனியாக எழுதுவார்கள், லைசென்சும் ஆட்டம் காணும். மரத்தில் பத்து சென்ரிமீற்றர் அகலத்தில் சிவப்பு வட்டம் கண்டால் உள்ளே வராதே என்று அர்த்தம். மஞ்சள் வட்டமென்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் வரலாம் என்று அர்த்தம், வேட்டை அதில் ஒன்றா என்பதை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். வட்டமே இல்லையென்றால் ‘வா’ என்று அர்த்தமில்லை. ஊரில் வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்கு இருபது வருடம் வழக்காடிய ஆட்கள் நாங்கள். எல்லை என்றால் என்னவென்று எங்களுக்கு இன்னொருவர் சொல்லித் தரத் தேவையில்லை.

சரி, ஐந்து வீட்டிலும் ஏன் இல்லையென்றார்கள்? நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். நானும் ஒன்றிரண்டு படலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் போன விதத்தில் என் வேட்டைப் பயிற்சி வகுப்பில் படித்த எந்த வெள்ளைக்காரப் பொடியன் போயிருந்தாலும் ஐந்தில் நாலு வீட்டில் அதே பதில்தான்.

ஒக்டோபர் கடைசி என்பது சோயா வெட்டி முடியும் முடியாத நேரம், சோளம் வயலில் நிற்கிற நேரம். மழை வருமுன் அறுவடை முடிக்க வேண்டும், இடையில் கோதுமையும் விதைத்திருக்க வேண்டும். அந்த மனுசன் நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு கொம்பைன் என்ற அறுவடை மெசினில் ஏறப் போகிறார். அப்போது ஒரு காரில் இருந்து நாலு பேர் இறங்குகிறார்கள். வேட்டை உடுப்பு போட்டிருந்தீர்களா? எழுதவில்லை, ஆனால் போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், முதல் வருடம் எல்லோரும் போடுவார்கள். நாலு பேர், அதுவும் மான் வேட்டைக்கு, இன்னும் பத்து நாளில் சீசன். அவருக்கு அது ‘ஒரு தம்பி மான் சுட ஆசைப்படுகிறான்’ என்று தெரியாது. தன் மாட்டுக் கொட்டிலைச் சுற்றி நாலு துவக்கு என்றுதான் தெரியும்.

இன்னொன்று, பெரும்பாலான நல்ல காணிகளில் மான் சீசனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும். அவருடைய மைத்துனர், பக்கத்துப் பண்ணைக்காரர், முப்பது வருடமாக நவம்பரில் வந்து சேரும் ஒரு பழைய கூட்டம். அவர்களை மறித்து உங்களுக்குக் கொடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. யன்னலால் கை காட்டியவர் அன்று காலை மட்டும் எத்தனையாவது ஆளுக்குக் கை காட்டினாரோ.

அதனால் வருகிற ஒக்டோபரை மறந்துவிடுங்கள். மாசி, பங்குனியில் போங்கள். பனி கிடக்கும், வயலில் வேலை இல்லை, கமக்காரர் கராஜுக்குள் ஏதாவது மெசினைப் பிரித்து வைத்துக்கொண்டு கதைக்க ஆளில்லாமல் இருப்பார். அது தவறினால் ஆடி நடுவில் கோதுமை வெட்டின பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். சனிக்கிழமை காலை பத்து, பத்தரைக்குத் தட்டுங்கள். பால்பண்ணை என்றால் விடியவும் பின்னேரமும் பால் கறக்கிற நேரம், அப்போது போகவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எல்மைரா, சென்ற் ஜேக்கப்ஸ் பக்கம் மெனனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களின் பண்ணைகளில் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை எடுத்தாலே மரியாதைக் குறைவு.

தனியாகப் போங்கள். கூடினால் மனைவியோடு, பிள்ளை இருந்தால் பிள்ளையோடு. சாதாரண ஜீன்ஸ், ஜாக்கெற். துவக்கு வீட்டில் இருக்கட்டும். காரை வீட்டுக் கதவு வரை கொண்டுபோய் நிறுத்தாமல், ஒழுங்கையில் ட்ராக்டர் போகிற வழியை மறிக்காமல் ஒரு பக்கமாக விடுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்று கொட்டில் பக்கம் தேடிப் போகாதீர்கள். இது நம்மவர்கள் நல்லெண்ணத்தில் விடுகிற பிழை. பன்றி, கோழி வளர்க்கிற இடங்களில் வாசலிலேயே ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும், நோய்த் தடுப்பு வலயம் என்று. 2022 இல் இருந்து பறவைக் காய்ச்சல் இந்த மாகாணத்துக் கோழிப் பண்ணைகளுக்குள் வந்துவிட்டது. வாத்து இருந்த சதுப்பில் மிதித்த சப்பாத்தோடு ஒருவர் கோழிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் போனால் அவருக்கு முழுப் பட்டியும் போகலாம். கால்நடைக் கட்டடங்களுக்குள் சொல்லாமல் நுழைவதற்கு 2020 இல் தனியாக ஒரு சட்டமே வந்தது.

அடுத்தது என்ன கேட்பது. மானில் தொடங்காதீர்கள். கமக்காரர் மனதில் மான் வேட்டை என்றால் றைபிள், தூரம் போகிற குண்டு, காயத்தோடு ஓடுகிற மான், அதைத் துரத்திக்கொண்டு பக்கத்துக் காணிக்குள் ஓடுகிற ஆள். முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அவருக்குத் தொல்லை கொடுக்கிறது எது என்று பாருங்கள். குதிரையோ மாடோ வைத்திருப்பவருக்கு கிறவுண்ட்ஹொக் என்ற கொறிக்கும் பிராணி தோண்டுகிற பொந்துகள் பெரிய தலையிடி. கால் முறிந்த மாடு ஒன்று ஆயிரக்கணக்கான டொலர், வைக்கோல் வெட்டும் மெசின் அந்தப் பொந்தில் இறங்கினாலும் அதே கதை. செம்மறி வைத்திருப்பவருக்கு கொயோட்டி என்ற ஓநாய் மாதிரி மிருகம். புதிதாக முளைத்த கோதுமையில் கனடா கூஸ் என்ற பெரிய காட்டு வாத்து கூட்டமாக இறங்கினால் பச்சையை வழித்துத் தின்றுவிடும். செப்டெம்பரில் கூஸ் சுடக் கேட்டவனுக்கு ‘வா வா’ என்று சொன்ன வீடுகளை எனக்குத் தெரியும். அதற்கு மத்திய அரசின் பறவை வேட்டைப் பெர்மிட் தனியாக வேண்டும், ஈயக் குண்டும் பாவிக்க முடியாது.

எனக்குக் கேட்டால், உங்களுக்கு நல்ல தொடக்கம் வான்கோழி. 1909 அளவில் ஒன்ராறியோவில் காட்டு வான்கோழி அடியோடு அழிந்துவிட்டது. 1984 இல் அமெரிக்க மாநிலங்களில் இருந்து பிடித்துக்கொண்டு வந்து திரும்ப விட்டார்கள். இன்றைக்கு லின்ட்சே வீதியில் காருக்குக் குறுக்கே நிற்கிற அளவுக்குப் பெருகிவிட்டது. வசந்தகால சீசன் ஏப்ரல் 25 இல் தொடங்கி மே 31 இல் முடியும். ஒரு ஆள், ஒரு ஷொட்கன், காட்டோரம் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருப்பது, அவ்வளவுதான் வேட்டை. ஷொட்கன் சன்னம் கிட்டத்துக்குத்தான், றைபிள் குண்டு மாதிரி வயல் தாண்டிப் போகாது. மான் கூட்டத்து ஆட்களுக்கும் அதில் போட்டி குறைவு. ‘அவை என் சோள விதையைக் கிண்டித் தின்னுது’ என்று கமக்காரர் சொல்வார். அது வான்கோழியா காகமா கிறவுண்ட்ஹொக்கா என்று அவரோடு வாதாடப் போகாதீர்கள்.

வாசலில் என்ன சொல்வது என்றும் பயமாக இருக்கும். ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை, நீளமாகப் பேசினால்தான் பிசகு. பெயர், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை. பிறகு, ‘இந்த வசந்தத்தில் வான்கோழிக்கு ஒரு இடம் தேடுகிறேன். நான் மட்டும்தான் வருவேன். முடியாது என்றால் பிரச்சினை இல்லை.’ கடைசி வரியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருக்கு மூச்சு விடலாம். ஒரு சின்னத் துண்டில் உங்கள் பெயர், போன் நம்பர், கார் இலக்கம் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு, ‘பக்கத்தில் யாரும் கூஸ், கிறவுண்ட்ஹொக் தொல்லையில் இருக்கிறார்களா?’ என்று மட்டும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த முதல் காணி அப்படித்தான். இல்லையென்று சொன்னவரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அண்ணன் வீட்டைக் காட்டிவிட்டார்.

கதவைத் திறக்கிறவர் உரிமையாளரா என்பதையும் பார்க்க வேண்டும். தென் ஒன்ராறியோவில் நிறைய வயல்கள் குத்தகைக்கு ஓடுகின்றன. பயிர் செய்கிறவர் ஒருவர், காணிக்காரர் மிசிசாகாவில் ஒரு பல் டொக்டர். இரண்டு பேரிடமும் கேளுங்கள். காணி யாருடையது என்று மாகாணத்தின் ஓன்லாண்ட் இணையத் தளத்தில் சின்னக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் இலவசம், மேலதிகமாக மூன்று தலைமுறைக் கதையும் வரும்.

அந்த 200 டொலர். வேண்டாம் தம்பி. வெட்கத்துக்காகச் சொல்லவில்லை, அவருக்கே அது பாதகம். ஒருவர் காசு வாங்காமல் தன் பண்ணை நிலத்தில் பொழுதுபோக்குக்கு ஆளை விட்டால், வந்தவர் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டு வந்தார் என்றுதான் இங்கத்தைய சட்டம் பார்க்கும். வேண்டுமென்றே குழி வெட்டி வைத்தாலோ, ஆபத்தைத் தெரிந்தும் அடியோடு அலட்சியமாக விட்டாலோ ஒழிய, நீங்கள் தடக்கி விழுந்து கால் முறிந்ததற்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த என்வலப்பை வாங்கிய நிமிடம் அந்தப் பாதுகாப்பு அவர் கையை விட்டுப் போய்விடலாம். விபரம் தெரிந்த கமக்காரர் காசைக் கண்டதும் பின்வாங்குவதற்கு இதுதான் காரணம். அதற்குப் பதிலாக ஒன்ராறியோ மீன்பிடி வேட்டைச் சம்மேளனத்தில் அங்கத்தவராகுங்கள், அதோடு பொறுப்புக் காப்புறுதி வருகிறது. அந்த அங்கத்துவ அட்டையைக் காட்டினால் அவர் மனதில் பாதிப் பாரம் இறங்கும். காசுக்குப் பதில் உடம்பைக் கொடுங்கள். வைக்கோல் கட்டு ஏற்ற ஆள் தேவையா, வேலிக் கம்பி இழுக்க ஒரு கை வேண்டுமா, காற்றில் விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்க வேண்டுமா. கிடைத்த இறைச்சியில் ஒரு பங்கு கொடுக்கலாம், விற்கத்தான் முடியாது. முதல் வருடம் நான் நம்முடைய கறித்தூளில் வான்கோழிக் கறி ஒன்று சமைத்துக் கொண்டுபோனேன். அந்த மனுசன் வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டார். அடுத்த முறை மனைவி போன் எடுத்து, தூளை மட்டும் பாதியாகப் போடச் சொன்னார்.

‘ஓம்’ என்று சொன்ன பிறகுதான் உண்மையான வேலை. என் கதை ஒன்றைச் சொல்கிறேன். போர்ட் பெரிக்கு வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் எனக்கு அனுமதி கிடைத்த இரண்டாம் வருடம். செப்டெம்பரில் ஒரு நாள் பின்னேரம் மான் தடம் பார்க்கப் போனேன். இரண்டு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் இருந்த இரும்புப் படலை ஆவென்று திறந்து கிடந்தது. எங்களுக்குப் படலை திறந்து கிடந்தால் மனம் பொறுக்காதே, ஆடு வந்து பூக்கன்றைத் தின்றுவிடும் என்று பிறந்ததில் இருந்து பேச்சு வாங்கிய ஆட்கள். கவனமாக இழுத்து மூடி, சங்கிலியையும் கொளுவிவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த நினைப்பு. அடுத்த நாள் இரவு ஒன்பது மணிக்குப் போன். ‘நீ படலையை மூடினாயா?’ என்று மட்டும் கேட்டார். மாடுகள் ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டி மற்றப் பக்கம். ஒரு இரவும் ஒரு வெயில் பகலும் நாற்பது மாடு படலையடியில் நின்று கத்தியிருக்கிறது. அவர் ஏசவே இல்லை. சனிக்கிழமை விடியப் போய் நின்று, அன்று முழுக்க அவரோடு வேலி இறுக்கினேன். அனுமதி போகவில்லை. இப்போதெல்லாம் படலையைத் தொடுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடி.

அனுமதியை ஒரு அரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் வருகிறார்கள், எந்த மிருகம், எந்த ஆயுதம், எந்தத் திகதியில் இருந்து எது வரை, எந்தப் பக்கம் போகக் கூடாது, கார் எங்கே நிற்கும். சில வயதானவர்கள் கையெழுத்து என்றாலே எதையோ எழுதி வாங்குகிறான் என்று மிரளுவார்கள். அப்படியானால் வற்புறுத்தாதீர்கள், அன்றிரவே அந்த விபரத்தைப் போனில் மெசேஜாக அனுப்பி, ‘சரிதானே?’ என்று கேட்டு அவருடைய பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் முதல் நாள் இரவு ஒரு வரி அனுப்புங்கள். ஒரு வருடத்துக்குக் கிடைத்தது அடுத்த வருடத்துக்குச் செல்லாது, திரும்பக் கேளுங்கள். ஈர வயலில் கார் ஓட்டாதீர்கள், விதைத்த வரிசையில் நடக்காதீர்கள், வெறும் தோட்டாக் கூட்டைப் பொறுக்கி எடுங்கள். பிரெஞ்ச், மற்றாவா ஆறுகளுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு வேட்டையை அனுமதிப்பது அந்தந்த நகரசபையின் முடிவு. ஆகவே கமக்காரர் ஓம் என்றாலும் உங்கள் சபை ஓம் என்றதா என்று அந்த வருட விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு வசந்தம், ஒரு கோடை போன பிறகு, மானைப் பற்றிப் பெரும்பாலும் அவரே வாயெடுப்பார். அப்போதும் றைபிளுக்கு முன்னால் வில்லைக் கேளுங்கள். தெற்கில் பெரும்பாலான இடங்களில் வில் சீசன் ஒக்டோபரில் தொடங்கிவிடும். சத்தமில்லை, கிட்டத்து வேட்டை, நவம்பர் கூட்டத்தோடு மோதலும் இல்லை. ஆனால் அம்பு பட்ட மான் நூறு மீற்றருக்கு மேலும் ஓடக்கூடும், அது வேலி பார்த்து நிற்காது. பக்கத்துக் காணிக்குள் விழுந்தால் அந்தக் காணிக்காரருடைய அனுமதி இல்லாமல் எடுக்கப் போக முடியாது. எனவே சீசன் தொடங்குமுன் எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டையும் தட்டி, ‘அப்படி நடந்தால் யாருக்குப் போன் பண்ண?’ என்று கேட்டு வையுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுப் போய், அவரே தன் காணியிலும் வேட்டையாடச் சொன்ன மாணவர்கள் இரண்டு பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் சிம்கோ கவுண்டிக் காடுகள் போன்ற பொதுக் காடுகளில் வேட்டைக்கு இடமுண்டு, வடக்கே போனால் அரச நிலம் கண்ணுக்கெட்டிய தூரம். ஆனால் ஏஜாக்ஸில் இருந்து ஒவ்வொரு கிழமையும் போய்வர ஒரு இடம் வேண்டுமென்றால் தனியார் காணிதான், அதற்குக் குறுக்கு வழி நான் கண்டதில்லை.

மாமாவைக் கேட்டீர்கள். இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு காட்டில் நடந்த கை, இங்கே துவக்கோடு வேட்டையாடுவதற்கு முன் உங்களைப் போல வகுப்பில் வந்து இருக்கத்தான் வேண்டும். அதுவரை துவக்கு இல்லாமல், மானைக் கலைக்கப் போகாமல், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கலாம். மான் கலைப்பதும் இந்தச் சட்டத்தில் வேட்டைதான். நவம்பரில் துவக்கு சீசனில் போவதென்றால் உங்களுக்குச் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் கட்டாயம், அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவரைக் கூட்டிப் போகிறேன் என்று கமக்காரரிடம் முதலே சொல்லி, அந்த அரைத்தாளில் அவருடைய பெயரையும் எழுதுங்கள். சொல்லாமல் இரண்டாவது ஆளைக் கொண்டுபோய் அனுமதியை இழந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தனியாகப் போகச் சொன்னேன், ஆனாலும் மாசியில் முதல் தரம் கதவைத் தட்டப் போகும்போதே மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போங்களேன். ஊரில் கமம் செய்தவரென்றால் ஆங்கிலம் வராவிட்டாலும் அந்தக் கராஜுக்குள் இருக்கிற ட்ராக்டரைச் சுற்றி இரண்டு பேரும் அரை மணித்தியாலம் நின்று கதைப்பார்கள்.